தெரியாது என்று சொல்ல வேண்டிய நாற்காலி

வயதானால் புத்தி வரும் என்று முதலில் சொன்ன ஆளை நான் ஒருநாள் சந்திக்க வேண்டும். எனக்கு அறுபத்தெட்டு வயதில் மூட்டுவலி வந்தது. கூடவே ஒரு நாற்காலியும் வந்தது. புத்தி வந்ததா என்பதை இதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நாற்காலி என்றதும் சிம்மாசனம் என்று நினைத்துவிட வேண்டாம். மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பக்கவாட்டில் இரும்புப் படிக்கட்டு ஏறிப் போனால் மாடியில் ஒரு நீள அறை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு இருபது, இருபத்திரண்டு பேர் அங்கே கூடி ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் உட்காருவோம். படம் கிடையாது, பாட்டு கிடையாது, புத்தகம் கிடையாது. கண்ணை மூடலாம், திறந்தும் வைத்திருக்கலாம். குறட்டை விட்டால் மட்டும் பக்கத்தில் இருப்பவர் முழங்கையால் இடிப்பார். இதை ஆரம்பித்தவர் ஒரு பல் டாக்டர். நாற்பது வருடம் ஊரையெல்லாம் வாயைத் திற, வாயைத் திற என்று அதட்டி அலுத்துப்போய்த்தான் வாயை மூடுவதற்கு ஒரு சங்கம் வைத்தார் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவர் ஒருநாள்கூட அங்கே வந்ததில்லை.

ஒரு மணி நேரம் முடிந்ததும் ஒரே ஒருவர் ஒரு கேள்வி கேட்கலாம். ஜன்னலோரம் இருக்கும் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் பதில் சொல்ல வேண்டும். அதற்கு டாக்டர் ஒரு சட்டம் வைத்திருந்தார். படித்ததைச் சொல்லக்கூடாது, கேட்டதையும் சொல்லக்கூடாது. தான் செய்து பார்த்ததை மட்டும்தான் சொல்லலாம். செய்ததில்லை என்றால் 'தெரியாது' என்று சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும். போய் அந்தக் காரியத்தைச் செய்துவிட்டு வந்துதான் மறுபடி உட்கார முடியும். அதுவரை நாற்காலி காலி, யாருக்கும் கேள்வியும் கிடையாது. பக்கத்து வீட்டுச் சண்டையை எப்படித் தீர்ப்பது என்று ஒருவர் கேட்டபோது டாக்டர் ஏழு வாரம் நாற்காலிப் பக்கமே வரவில்லை. அவருக்கே பக்கத்து வீட்டோடு சாக்கடைத் தகராறு இருந்தது. எட்டாவது வாரம் வந்து உட்கார்ந்து, "முதல்ல அவன் சொல்றது சரியான்னு பாருங்க. என் விஷயத்துல சரியாத்தான் இருந்தது" என்றார். அவ்வளவுதான் பதில்.

போன வருடம் டாக்டருக்கு எண்பத்தொன்று முடிந்தது. ஒரு ஞாயிறு அவர் நாற்காலியில் உட்காராமல் கடைசி வரிசைக்குப் போய்விட்டார்.

"போன வாரம் பயத்தைப் பத்திக் கேட்டாங்க இல்ல? கடகடன்னு பதில் சொல்லிட்டேன். வீட்டுக்குப் போய் யோசிச்சா, அது நான் செஞ்சதே இல்ல. கேக்க நல்லா இருக்குமேன்னு சொல்லியிருக்கேன். இனிமே அந்த நாற்காலி எனக்கு ஆபத்து" என்றார். பிறகு என்னைக் கைகாட்டி, "சிஸ்டர் உட்காரட்டும். முப்பத்தி நாலு வருஷம் ஆபரேஷன் தியேட்டர்ல இருந்தவங்க. எதுக்கும் பதறாதவங்க" என்றார்.

"எனக்கு எதுக்கு டாக்டர் அதெல்லாம்" என்று வாய் சொன்னது. சொல்லி முடிப்பதற்குள் உட்கார்ந்திருந்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த நாற்காலி ரொம்பப் பிடித்துப்போனது. தியேட்டரில் எனக்குப் பெயர் கடுகு. நாலடி பத்தங்குல உயரம், மூக்கு நுனியில் கோபம். சிறுத்தாலும் காரம் போகாது என்று டாக்டர்களே சொல்லுவார்கள். அப்பேர்ப்பட்ட நான் படியேறி வந்தால் ஆட்கள் எழுந்து நின்றார்கள். என் கைப்பையை வாங்கிக்கொண்டார்கள். கேள்விகளும் எளிதாகத்தான் வந்தன. சாகிறவர் பக்கத்தில் எப்படி உட்காருவது, தூக்கம் வராவிட்டால் என்ன செய்வது, கோபத்தை எப்படி அடக்குவது. கோபத்தைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்? நாளாக ஆக என் குரலே மாறிவிட்டது. தணிந்த குரலில், நிறுத்தி நிறுத்திப் பேச ஆரம்பித்தேன். ஒருநாள் வீட்டில் உப்பு வாங்கி வரச் சொன்னபோது வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யார்கிட்ட பேசறே? நான் உன் புருஷன், பக்தன் இல்ல" என்றார்.

ஆறு மாதம் இப்படி ஓடியது. அப்புறம் வேன்காரர் கேட்டார்.

அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மூன்று வருடமாக வருகிறார். கதவுக்குப் பக்கத்தில் உட்காருவார், முதல் ஆளாக எழுந்து போவார், ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அன்றைக்குத் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டே எழுந்தார்.

"ஒருத்தருக்கு நாம ஒரு தப்புப் பண்ணிட்டோம் சிஸ்டர். நாமதான் பண்ணோம்னு அவங்களுக்குத் தெரியாது. நம்மகிட்ட நல்லாத்தான் பேசறாங்க. அவங்ககிட்ட எப்படி மன்னிப்புக் கேக்கறது?"

பதில் நாக்கு நுனியில் தயாராக நின்றது. 'மனசார வருந்தினாலே பாதி மன்னிப்பு' என்று ஆரம்பித்து அழகாக நாலு வாக்கியம் சொல்லியிருப்பேன். எல்லோரும் தலையாட்டியிருப்பார்கள். டாக்டர் கடைசி வரிசையில் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தூங்குகிறார் என்று நிச்சயமாகத் தெரிந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.

"தெரியாது" என்று சொல்லி எழுந்தேன். முழங்கால் மளுக்கென்றது.

தெரியாது என்பதற்குக் காரணம், எனக்கு அப்படித் தப்பே இல்லை என்பதல்ல. இருபத்தெட்டு வருடமாக ஒன்று இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்யும்போது இரத்தத்தை ஒற்றி எடுக்கத் துணி வைப்போம். மாப் என்போம். ஐந்தைந்தாகக் கட்டுக் கட்டி, நீராவியில் அவித்து வைத்திருப்பார்கள். ஒரு கட்டைப் பிரித்ததும் இரண்டு நர்ஸ் சேர்ந்து வாய்விட்டு எண்ண வேண்டும். மேஜையில் நிற்பவள் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டி எண்ணுவாள், வெளியே நிற்பவள் பார்த்துப் பலகையில் எழுதுவாள். தைப்பதற்கு முன்னால், பயன்படுத்தியது, பயன்படுத்தாதது எல்லாவற்றையும் மறுபடி எண்ணிப் பலகையோடு சரிபார்க்க வேண்டும். ஒன்று குறைந்தால் தைக்கக்கூடாது. சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் அதில்தான் உயிர் இருக்கிறது.

அன்றைக்கு மேஜையில் நின்றவளுக்கு வயது இருபத்தாறு. ஒல்லியாக, வேகமாக இருப்பாள். ஊசி என்று கூப்பிடுவோம். என் கீழே வேலை பார்த்தவர்களில் அவளைப் போல ஒருத்தி இல்லை. ஆள் பற்றாக்குறையால் தலைமை நர்ஸான நானே பலகைக்கு நின்றேன். நாலு கட்டு பிரித்து, சேர்ந்து எண்ணி, இருபது என்று எழுதியாயிற்று. நடுவில் திடீரென்று இரத்தம் கொட்டியது. இன்னொரு கட்டுக் கேட்டார்கள். நான் பிரித்துக் கொடுத்தேன். ஊசியின் இரண்டு கையும் வயிற்றுக்குள். "அக்கா, எண்ணிட்டீங்களா?" என்று தலை திருப்பாமல் கேட்டாள்.

"எண்ணிட்டேன், அஞ்சு" என்றேன்.

எண்ணவில்லை. இரத்தப் பாட்டிலுக்காகத் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தேன். கட்டு என்றால் ஐந்துதானே என்று பலகையில் இருபத்தைந்து என்று எழுதினேன். முடிவில் ஊசி எண்ணினாள், இருபத்தைந்து வந்தது. கையெழுத்துப் போட்டாள். தைத்தார்கள்.

எட்டாம் நாள், ஆபரேஷன் ஆன அந்த அம்மாவுக்குக் காய்ச்சல். மறுபடி திறந்தால் உள்ளே ஒரு மாப். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார், தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார். பலகையில் இருபத்தைந்து, உள்ளே ஒன்று, அப்படியானால் வெளியே இருபத்து நாலுதான் இருந்திருக்க வேண்டும், கடைசியாக எண்ணியவள் தப்பாக எண்ணியிருக்கிறாள் என்று விசாரணையில் முடிவு கட்டினார்கள். "இருபத்தஞ்சுன்னுதான் எண்ணினேன். பயத்துல தப்பா எண்ணியிருப்பேன் போல" என்று ஊசி அழுதாள். அவளே நம்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் நான் தனியாக நின்று, நான் எண்ணாமல் கொடுத்த கட்டோடு ஒரே நாளில் கட்டி வைத்த மிச்சக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றில் ஆறு இருந்தது. கட்டியவர் கை தவறியிருக்கிறது. அப்படியானால் நான் எண்ணாமல் கொடுத்ததிலும் ஆறு. ஊசி எண்ணியது சரி. அந்த ஆறாவது துணியைச் சுருட்டி என் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் எரித்தேன்.

இப்போதும் எழுதக் கை கூசுகிறது. ஆனால் இதைவிடக் கேவலமான ஒன்று உண்டு. அவளைத் தியேட்டரை விட்டு மாற்றியபோது முதுகைத் தடவி, "எல்லாருக்கும் நடக்கும்மா" என்று ஆறுதல் சொன்னவள் நான்தான். மூன்று மாதத்தில் அவள் நர்ஸ் வேலையையே விட்டுவிட்டாள்.

ஊசியின் விலாசம் எனக்குத் தெரியும். எப்போதும் தெரியும். ஆனாலும் முதல் வாரம் விலாசத்தைத் தேடுவதாகப் பாவனை செய்தேன். இரண்டாம் வாரம் மழை. மூன்றாம் வாரம் இரத்தக் கொதிப்பு ஏறிவிட்டதாக எனக்கு நானே சீட்டு எழுதிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் மற்றவர்களோடு வரிசையில் உட்கார்ந்தேன். பிரம்பு நாற்காலி காலியாகக் கிடந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

நாலாம் வாரம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருடத்தில் அவருக்குச் சொல்லாத ஒரே விஷயம் அதுதான். தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்துக் கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டு என் பக்கத்துலயே படுத்திருந்திருக்கே" என்றார். பிறகு மெதுவாக, "இத்தனை வருஷம் கழிச்சு அந்தப் பொண்ணு எல்லாத்தையும் மறந்து நிம்மதியா இருக்கும். உன் மனசு லேசாகறதுக்காக அதைப் போய்க் கிளறணுமா?" என்றார்.

எனக்கு அவர் மேல் பொங்கிக்கொண்டு பாசம் வந்தது. இருபத்தெட்டு வருடமாக நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தை. அவர் வாயில் கேட்டபோதுதான் அது எவ்வளவு சௌகரியமான வார்த்தை என்று தெரிந்தது.

"நிம்மதியா இருக்காளான்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"அது தெரியாதுதான்" என்றார்.

மறுநாள் காலை பஸ் ஏறினேன்.

ஊசி இப்போது ஊசியாக இல்லை. நன்றாகச் சதை போட்டு, நரைத்து, நிம்மதியான ஒரு வீட்டுக்காரியாக இருந்தாள். கதவைத் திறந்ததும் "அக்கா!" என்று கத்திக் கட்டிக்கொண்டாள். என்னைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். பார்சல் ஆபீஸ் சட்டையோடு, வேலைக்குக் கிளம்பிய நிலையில், அவள் மகள் வந்து நின்றாள்.

"இவங்கதான் கடுகு அக்கா. நான் சொல்லுவேனே! அன்னிக்கு எல்லாரும் என்னைக் கரிச்சுக் கொட்டினப்போ இவங்க ஒருத்தர்தான் என் முதுகைத் தடவிக் கொடுத்தாங்க. அந்தக் கையை நான் இன்னும் மறக்கல."

எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. மேஜை மேல் கிழமை வாரியாக ஏழு அறை உள்ள ஒரு மாத்திரைப் பெட்டி இருந்தது. பேச்சை மாற்ற, "சர்க்கரையா?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்கு. ஆனா நான்தான் எண்ணிப் போட்டு வைக்கணும்" என்றாள் மகள். "அம்மா எதையும் எண்ண மாட்டாங்க. வீட்டுக்கு எத்தனை பேர் வந்திருக்காங்கன்னுகூடச் சொல்ல மாட்டாங்க. அப்பா அதை வச்சே ஓட்டிக்கிட்டிருப்பார்."

"என் கையை நம்ப முடியாதுக்கா" என்று ஊசி சிரித்தாள். "ஒரு உயிரையே போக்கப் பார்த்த கை."

அதற்கு மேல் தள்ளிப்போட எனக்குத் திராணி இல்லை. சொன்னேன். சுற்றி வளைக்காமல், தியேட்டரில் அறிக்கை சொல்வது போல, வரிசையாகச் சொன்னேன். எண்ணவில்லை என்றேன். எண்ணினேன் என்று பொய் சொன்னேன் என்றேன். ஆறு இருந்த கட்டைப் பார்த்ததையும், துணியை எரித்ததையும், அதற்குப் பிறகு அவள் முதுகைத் தடவியதையும் சொன்னேன். "தெரிஞ்சேதான் தடவினேன்" என்றேன். மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு வாக்கியம் பஸ்ஸில் தயார் செய்து வைத்திருந்தேன். அதைத் தொடங்கினேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அப்போ நான் எண்ணினது?"

"சரி."

"இருபத்தஞ்சு?"

"இருபத்தஞ்சுதான் வெளியே இருந்தது. நீ சரியா எண்ணினே."

"பதட்டத்துல ஒண்ணு அதிகமா எண்ணிடலையே?"

"இல்லம்மா. நீ சரியா எண்ணினே."

இன்னும் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் சொன்னேன். பிறகு அவள் என்னை மறந்துவிட்டாள். நிஜமாகத்தான் சொல்கிறேன், நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டாள். மாத்திரைப் பெட்டியை இழுத்து, ஏழு அறையையும் திறந்து, மேஜை மேல் கவிழ்த்தாள். ஒவ்வொன்றாக விரலால் தள்ளி எண்ணினாள். "இருபத்தொண்ணு" என்று மகளைப் பார்த்தாள். மகள் தலையாட்டினாள். அவள் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. அழுதாள், சிரித்தாள், புருஷனுக்குத் தொலைபேசி போட்டு, "ஏங்க, நான் சரியாத்தாங்க எண்ணியிருக்கேன்!" என்று கத்தினாள். அந்த மனிதருக்குத் தலையும் புரிந்திருக்காது, வாலும் புரிந்திருக்காது.

என் மன்னிப்பைப் பற்றி அந்த வீட்டில் யாருக்கும் நினைவே இல்லை. நான் ஏதோ பெரிதாகக் கேட்டு வாங்க வந்தவள் போல இருபத்தெட்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய சாமான் ஒன்றை அத்தனை காலம் என் வீட்டில் வைத்திருந்தேன். அதைக் கொண்டுவந்து கொடுத்தேன். நடந்தது அவ்வளவுதான்.

கிளம்பும்போது மகள் தெருமுனை வரை கூடவே வந்தாள். பஸ் நிறுத்தத்துக்கு வழி காட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"எனக்கு நர்சிங்ல இடம் கிடைச்சது" என்றாள். "பதினெட்டு வயசுல. கடிதாசு வந்துடுச்சு. அம்மா கிழிச்சுப் போட்டாங்க. நம்ம ரத்தத்துல எண்ணிக்கை நிக்காது, ஒரு உயிரைக் கொன்னுட்டு வருவேன்னு சொன்னாங்க. மூணு நாள் சாப்பிடாம கிடந்தாங்க. நான் விட்டுட்டேன். இப்ப எனக்கு இருபத்தேழு. பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டிருக்கேன்."

இந்தக் கணக்கு என்னிடம் இல்லவே இல்லை. நடுத்தெருவில் நின்று, "உன்கிட்டயும் மன்னிப்புக் கேக்கறேம்மா" என்றேன்.

"வேண்டாம். எனக்கு மன்னிக்க வரல. அம்மா சந்தோஷமா இருக்காங்க, அதுக்காக உங்களை உள்ளே வச்சுத் திட்டாம வெளியே கூட்டிட்டு வந்தேன். இனிமே வராதீங்க."

"சரிம்மா" என்றேன். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர் யாரோ செத்துப்போய்விட்டதாக நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

அந்த ஞாயிறு மௌனம் முடிந்ததும் எழுந்து போய்ப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். சொல்லாமல் பாதியை விழுங்கிவிடலாம் என்ற ஆசை கடைசிப் படி வரைக்கும் இருந்தது. ஊசி சந்தோஷப்பட்ட வரைக்கும் சொல்லி நிறுத்தினால் என் பெயர் இன்னும் ஒரு முழம் வளர்ந்திருக்கும். ஆனால் வேன்காரர் முன்னால் வந்து உட்கார்ந்து, பரீட்சை முடிவு கேட்க வந்த பிள்ளை மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். துணியை எரித்தது, முதுகைத் தடவியது, மகள் தெருமுனையில் சொன்னது, ஒன்றும் விடவில்லை. என் பழைய குரலிலேயே சொன்னேன். அந்தத் தணிந்த குரல் எங்கே போனதோ தெரியவில்லை.

"கேட்டதுக்குப் பதில் இதுதான்" என்றேன் வேன்காரரிடம். "மன்னிப்புக் கேக்கப் போறேன்னு போகாதீங்க. அவங்களோடது ஏதாவது உங்ககிட்ட இருக்கும். அதைக் கொடுக்கப் போங்க. மன்னிக்கறாங்களா இல்லையாங்கறது அவங்க இஷ்டம். அந்தப் பொண்ணு மன்னிக்கல. நான் ராத்திரி தூங்கத்தான் செய்யறேன், அதை நினைச்சா வெக்கமா இருக்கு."

யாரும் தலையாட்டவில்லை. எங்கள் கூட்டத்தில் ஒரு தையல்காரம்மா உண்டு; ஊசி மாட்டிக்கொண்ட அதே வருடம் எங்கள் தியேட்டரில் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர், அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "உங்களுக்கு எல்லாம் சரியா இருந்ததும்மா" என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை. இறங்கும்போது என் கைப்பையை நானே தூக்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு ஒன்பது பேர்தான் வந்தார்கள். டாக்டரையும் என்னையும் சேர்த்து ஒன்பது. தையல்காரம்மா வரவில்லை. எப்போதும் முதல் வரிசையில் இருந்து என்னைக் கும்பிடும் தம்பதி வரவில்லை. எனக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் மறுபடி பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டேன் என்று அர்த்தம். டாக்டரிடம் போய், "நான் எழுந்துடறேன் டாக்டர். உங்க சங்கமே கலைஞ்சு போகுது" என்றேன்.

"பல்லைப் பிடுங்கற நாளன்னிக்கு எப்பவும் கூட்டம் கம்மிதான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார் அந்தக் கிழவர்.

மணி எட்டானது. கேள்வி நேரம். வேன்காரர் எழுந்தார். தொப்பியைத் தரையில் வைத்துவிட்டார்.

"கேள்வி இல்ல சிஸ்டர். சொல்லணும்" என்றார். "பதினோரு வருஷம் ஆச்சு. வேன்ல ஒரு பொம்பளைப் பிள்ளை, அஞ்சு வயசு, கடைசி சீட்ல தூங்கிடுச்சு. இறக்கி விட்டதா நினைச்சுட்டேன். வெயில்ல நிறுத்தி, பூட்டிட்டுச் சாப்பிடப் போனேன். ஒரு மணி நேரம். திரும்பி வந்து பார்த்தா கண்ணாடியை அடிச்சு அடிச்சுக் கையெல்லாம் வீங்கியிருக்கு, தொண்டையில சத்தமே இல்ல. மூஞ்சியைக் கழுவி, தண்ணி கொடுத்து, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொன்னேன். வீட்ல கொண்டுபோய் விட்டு, வண்டி ரிப்பேர்னு சொல்லிட்டேன்."

அவர் நிறுத்தவில்லை.

"அதுக்கு இப்ப பதினாறு வயசு. லிஃப்ட்ல ஏறாது. குளிக்கறப்போகூடக் கதவைச் சாத்தாது. வகுப்புல கதவைச் சாத்தினா மயக்கம் போட்டு விழுது. அவங்க அம்மா டாக்டர் டாக்டரா கூட்டிட்டுப் போறாங்க. எதனாலன்னு தெரிஞ்சா வைத்தியம் பண்ணலாம்னு டாக்டர் சொல்றாராம். அதுக்கு எதுவும் ஞாபகம் இல்லையாம். அந்தம்மா என்னைத் தெருவுல பார்த்து, 'அண்ணே, உங்க வேன்ல வந்த பிள்ளைதானே, அப்ப ஏதாவது கவனிச்சீங்களா'ன்னு கேக்கறாங்க. ரெண்டு தடவை கேட்டாங்க. ரெண்டு தடவையும் இல்லைன்னு சொன்னேன்."

ஞானமாக ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. அவர் மேல் கோபம்தான் வந்தது, தியேட்டர் காலத்துக் கோபம். ஆனால் அவரைத் திட்டுவதற்கு அந்த அறையிலேயே தகுதி இல்லாத ஆள் நான்தான்.

"வீடு எங்கே?" என்றேன்.

"எங்க தெருவுக்கு அடுத்த தெரு. இங்கேருந்து நடந்தா பத்து நிமிஷம்."

"ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பாங்களா?"

"இருப்பாங்க. அவங்க அப்பாவும் இருப்பார். கை நீட்டற ஆளு சிஸ்டர்."

"அடிச்சா வாங்கிக்குங்க. நான் கட்டுப் போட்டு விடறேன்" என்று எழுந்தேன். "செருப்பைப் போடுங்க."

"இப்பவா?"

"நான் இருபத்தெட்டு வருஷம் எடுத்துக்கிட்டேன். உங்களுக்குப் பதினொண்ணு போதும்."

அவர் வாசலில் குனிந்து செருப்பைத் தேடினார். கண் தெரியவில்லை போலிருக்கிறது, வேறு யாருடையதையோ மாட்டிக்கொண்டார். நான் சொல்லவில்லை. இரும்புப் படியில் முதல் அடி வைத்ததும் அவர் கால் வெடவெடவென்று நடுங்கியது. கைப்பிடியோடு சேர்ந்து படிக்கட்டே ஆடியது. அவரை ஒதுக்கிவிட்டு அவருக்கு முன்னால் நான் இறங்கினேன். விழுந்தால் என் மேல் விழட்டும்.